பெருக்கலும் வகுத்தலும் ஒரே பாடம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பத்தாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஆனால் 56-ல் 7 எத்தனை தரம் போகும் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள், ஏழெட்டு ஐம்பத்தாறு என்று அரை நிமிடம் முன்னால்தான் சொல்லியிருப்பாள்! பெருக்கலை முடித்து, மாதக்கணக்கில் விட்டுவிட்டு, வகுத்தலை ஏதோ புதுப் பூதம் மாதிரி கொண்டுவந்து நிறுத்துகிறோமே, அதுதான் கோளாறு என்று நினைக்கிறேன்.

வாய்ப்பாடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது மனதில் இல்லாவிட்டால் பெரிய கணக்கில் பிள்ளை திணறும். (பெயரிலேயே வாய் இருக்கிறது, சொல்லித்தான் ஆகவேண்டும்.) ஆனால் பத்தாம் வாய்ப்பாடு வரையுள்ள 100 விடைகளையும் தனித்தனியாகத் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஒரு தாளில் நாலு வரிசை, வரிசைக்கு மூன்று பொத்தான் வையுங்கள், தாளைப் பக்கவாட்டில் திருப்புங்கள், மூன்று வரிசை, வரிசைக்கு நாலு, இரண்டும் அதே 12தான், ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரிந்த மாதிரி. அப்படிப் பார்த்தால் 100 என்பது 55 ஆகிவிடுகிறது, அதில் 1, 2, 5, 10 வருகிறவை சீக்கிரமே பழகிவிடும் என்பதால் அவற்றையும் கழித்துவிட்டால் மிச்சம் வெறும் 21. ஏழெட்டு மறந்துபோனால்கூட எட்டை ஐந்தும் மூன்றுமாகப் பிரித்து, ஏழைந்து 35, ஏழுமூன்று 21, இரண்டையும் கூட்டு என்று காட்டிக்கொடுக்கலாம்.

அதே பொத்தான்கள்தான் வகுத்தலுக்கும். 12 பொத்தானை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு போடுவது ஒன்று, 12 பொத்தானை மும்மூன்றாகப் பிரித்தால் எத்தனை குவியல் வரும் என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை 4 என்பதால் நமக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது, பிள்ளைக்கோ கை செய்கிற வேலையே வேறு. பங்கு போடுவதை மட்டும் பழக்கிவிட்டு, எத்தனை தரம் போகும் என்று திடீரென்று கேட்டால் அது விழிக்காமல் என்ன செய்யும்?

மீதியும் அப்படித்தான். 25 பிள்ளைகள், வண்டிக்கு 4 பேர், எத்தனை வண்டி வேண்டும்? ஈவு 6, மீதி 1 என்று எழுதிவிட்டு நிறுத்தினால் ஒரு பிள்ளை தெருவில் நிற்கும். 7 வண்டி.

அப்புறம் 412-ஐ 4-ஆல் வகுக்கச் சொன்னால் 13 என்று எழுதுகிற பிள்ளைகள் ஏராளம். 1-ல் 4 போகாது என்றதும் ஈவில் 0 போடாமல் 2-ஐ இறக்கிவிடுகிறார்கள். சிவப்பு மையில் சுழிப்பதற்குப் பதில், 13-ஐ 4-ஆல் பெருக்கிப் பார் என்று மட்டும் சொல்லுங்கள். 52 வரும். மிச்சம் எங்கே போயிற்று என்று பிள்ளையே தேடும், 103-க்குத் தானே வந்து சேரும்.

போன வாரம் மகள் கேட்டாள், 5-ஐ 0-ஆல் வகுத்தால் என்ன வரும் என்று. சரி, 0-ஐ எதால் பெருக்கினால் 5 வரும், நீயே சொல் என்றேன். ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "எதுவுமே வராதே, அப்ப இந்தக் கணக்கே தப்பு" என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்