குத்தகை விவசாயிக்கும் உதவித்தொகை

ஐயா,

பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். காவிரிப் படுகையில் கோயில், மடத்து நிலங்களைத் தலைமுறையாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்களிடம் பட்டா ஏது? விதை, உரம், நடவுக்கூலி எல்லாம் அவர்கள் கையிலிருந்துதான் போகிறது. பயிர் மூழ்கினால் நட்டமும் அவர்களுக்கே. இது பெரிய அநீதி.

ஆந்திராவில் 2019-ல் வந்த ரைத்து பரோசா என்ற விவசாயி உதவித்தொகைத் திட்டத்தில் குத்தகைதாரர்களில் ஒரு பகுதியினரையாவது சேர்த்தார்கள். இங்கே குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை வைத்து மாநில அரசே இவர்களுக்கு உதவித்தொகை தரலாம். பதிவில் விடுபட்டவர்களுக்கு, உண்மையில் உழுபவர் பெயரை கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கில்) எழுத வேண்டும். அடுத்த குறுவை நெல் சாகுபடிக்கு முன்பே தொடங்குங்கள்.

- ஒரு வாசகர், மன்னார்குடி