ஆட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மடக்குக் கத்திகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். எஃகு வகைகளுக்கு மட்டும் முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். டி2 நல்லதா, 14சி28என் நல்லதா, எது துருவைத் தாங்கும், எது கூரைத் தாங்கும் என்றெல்லாம் விவரமாக இருந்தது. தப்பில்லை. ஆனால் புதிதாக வாங்கிய கத்தி ஆடினால், உரசினால், திறந்த பிளேடு மடங்காமல் பிடிக்கிற பூட்டு சரியாக விழாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் பத்து முறை திறந்து மூடினேன், ஒரு தாளை வெட்டிப் பார்த்தேன், பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் பிளேடின் வலப்பக்கம் நெடுக ஒரு மெல்லிய கீறல் கண்ணில் பட்டது. கத்தியை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பிளேடு நடுவில் இல்லை. வலப்பக்கத் தகட்டின் மேல் சாய்ந்து கிடக்கிறது. திறந்து வைத்து, பிளேடின் இரு பக்கத்தையும் விரலால் பற்றி அசைத்தால் 'டிக் டிக்' என்று பக்கவாட்டில் ஆட்டம் வேறு.

சரி, ஸ்க்ரூவை இறுக்கினால் போயிற்று என்று உட்கார்ந்தேன். இந்தக் கத்திகளின் ஸ்க்ரூ தலையில் இருப்பது ஆறு முனை நட்சத்திரம். 'டார்க்ஸ்' என்பார்கள். நாம் 'ஸ்டார்' என்று சொல்கிற நாலு முனை டிரைவர் அதில் உட்காராது. உட்காரும் என்று நம்பித் திருகி, ஸ்க்ரூ தலையை மழுங்கடித்ததுதான் என் முதல் சாதனை. அப்புறம் சரியான டிரைவர் தேடி வாங்கி இறுக்கினேன். ஆட்டம் நின்றது. கூடவே பிளேடும் நின்றது. இரண்டு கையும் போட்டுத்தான் திறக்க முடிந்தது. கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி ஆட்டம். பொறுமை போய், மொத்தமாகப் பிரித்துவிட்டேன். தாள் கனத்தில் செம்பு நிறமாக ஒரு வாஷர் துள்ளி விழுந்து பீரோவுக்கு அடியில் உருண்டது. டார்ச் அடித்து எடுத்துப் பார்த்தால், அதன் ஓரம் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது. பிளேடு சாய்ந்ததற்கு அதுதான் காரணம். புது வாஷர் கேட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதினேன். பிரிக்கப்பட்ட கத்திக்கு உத்தரவாதம் கிடையாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. உத்தரவாத அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அதைப் படிக்காதது என் தவறு.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. நான் துரத்திக்கொண்டிருந்தது சின்னக் குறையை. பெரிய குறை பூட்டில் இருந்தது.

என்னுடையது 'லைனர் லாக்' வகை. அந்த வகைக் கத்தியில், பிடிக்குள் இருக்கும் தகட்டின் ஒரு கீற்றே வில் மாதிரி வேலை செய்யும். பிளேடு முழுதாகத் திறந்ததும் அந்தக் கீற்று உள்ளே சாய்ந்து, பிளேடின் அடிப்பாகத்துக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும். அது நன்றாக உள்ளே வந்து உட்கார வேண்டும். என் கத்தியில் விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. ஒருநாள் கனமான அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தபோது பிளேடு அட்டையில் சிக்கிக்கொண்டது. முன்னும் பின்னும் அசைத்து இழுத்தேன். பூட்டு நழுவி, பிளேடு மடங்கி, ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் இறங்கியது. தையல் தேவைப்படவில்லை. பத்து நாள் கட்டோடு போயிற்று.

அதன் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு. பக்கவாட்டில் ஆடினால் அது பிளேடு சுழலும் அச்சின் சங்கதி. பெரும்பாலும் அச்சு ஸ்க்ரூவை அரைக்கால் திருப்பு, அதற்கும் குறைவாக, இறுக்கி இறுக்கிப் பார்த்தால் சரியாகிவிடும். மேலும் கீழுமாக ஆடினால் அது பூட்டின் சங்கதி. அதை எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது. கத்தி திரும்பிப் போக வேண்டியதுதான். நான் முதல் வகையைப் பார்த்ததோடு நின்றுவிட்டேன், இரண்டாவதைச் சோதிக்கவே இல்லை.

சோதிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பிளேடைத் திறந்து, பிடியை இரு பக்கமாகப் பற்றிக்கொள்ளுங்கள். பிளேடு மடங்கினால் வரும் வழியில் ஒரு விரலும் இருக்கக் கூடாது. பிளேடின் முதுகை ஒரு மரக்கட்டையில் வைத்து நிதானமாக அழுத்துங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், அடித்தால் நல்ல பூட்டும் சில சமயம் நழுவும். இன்னொன்று, பூட்டு தொடும் இடத்தில் கறுப்பு மார்க்கரால் பூசிவிட்டு நாலைந்து முறை திறந்து மூடினால், மை அழிந்த இடம் உண்மையைச் சொல்லிவிடும். புதுக் கத்தியில் முட்டு, அதாவது அந்தப் பூட்டுக் கீற்று, பிளேடு அடிப்பாகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வந்து நின்றால் திருப்தி. விளிம்போடு நின்றால் ஆபத்து. மறுபக்கத் தகடு வரை ஓடிப்போய் நின்றால், நாளாக நாளாகத் தேய்வதற்கு அங்கே இடமே மிச்சமில்லை என்று அர்த்தம்.

திறக்கும்போது நறநறவென்றால் பயப்பட வேண்டாம். பட்டறையில் மெருகேற்றிய பொடியும் இரும்புத் தூளும் உள்ளேயே தங்கியிருக்கும். பிரிக்காமலே, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பாதிக் கத்திகள் வழிக்கு வந்துவிடும். ஸ்க்ரூ தானாகத் தளர்ந்துகொண்டே இருந்தால் நீலநிற ஸ்க்ரூ பசை ஒரு துளி போதும். சிவப்புப் பசை பக்கம் போகாதீர்கள். அது சூடு காட்டினால்தான் விடும், இவ்வளவு சின்ன ஸ்க்ரூவின் தலை அதற்கு முன்பே போய்விடும்.

கூர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. 'ஒரே வாரத்தில் மழுங்கிவிட்டது, எஃகு மட்டம்' என்று பலரும் குறை சொல்கிறார்கள். தொழிற்சாலையில் வேகமாக ஓடும் பெல்ட்டில் சாணை பிடிக்கும்போது விளிம்பின் மெல்லிய பகுதி சூடேறிப் பதம் இழந்துவிடலாம். நாமே சாணைக்கல்லில் இரண்டு மூன்று முறை தீட்டினால் அந்தப் பகுதி தேய்ந்து, அடியில் உள்ள நல்ல எஃகு வெளிவரும். அதற்குள் எஃகைத் திட்டுவது அவசரம். விளிம்பில் மார்க்கர் பூசிக் கல்லில் ஓர் இழுப்பு இழுத்தால், கல் படாத இடம் கறுப்பாகவே இருக்கும். என் கத்தியில் நுனிப்பக்கம் அரை அங்குலம் அப்படித்தான் நின்றது. தாளை வெட்டும்போது ஒவ்வொரு முறையும் சிக்கிய இடமும் அதுவே.

'இந்த விலைக்கு இவ்வளவுதான்' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பிளேடு கொஞ்சம் சாய்ந்திருப்பதற்கும் சாணை ஒரு பக்கம் அகலமாக விழுந்திருப்பதற்கும் அதை ஒத்துக்கொள்கிறேன். பூட்டுக்கு மாட்டேன். பூட்டே வேண்டாம் என்றால் அதற்கும் கத்தி இருக்கிறது. பிரான்ஸில் 1890-ல் பிறந்த ஒப்பினெல் கத்திக்கு 1955 வரை பூட்டு வளையமே கிடையாது. பூட்டு இல்லை என்று தெரிந்தால் கை தானாகவே ஜாக்கிரதையாக இருக்கும். பூட்டு இருக்கிறது என்று நம்பவைத்துவிட்டு நழுவுவதுதான் விரலைக் கேட்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கத்தி மதிப்புரை வெளியிடும்போது எஃகுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியைப் பூட்டுக்குக் கொடுங்கள். பிளேடைத் திறந்து வைத்து, முட்டு எங்கே நிற்கிறது என்று கிட்டத்தில் எடுத்த ஒரு படம் போடுங்கள். மேல்-கீழ் ஆட்டம் உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். பிரித்தால் உத்தரவாதம் போகுமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, மதிப்புரைக்கு வந்த கத்தி கடையில் வாங்கியதா, நிறுவனமே பொறுக்கி அனுப்பியதா என்று சொல்லிவிடுங்கள். ஒரே மாடலில் இரண்டு கத்திகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

என் கத்தி மேஜை இழுப்பறையில், மூடி ரப்பர் பேண்ட் போட்டபடி கிடக்கிறது. பூட்டு எப்படி நழுவும் என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுகிறேன், மரக்கட்டையில் வைத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்