வெறுங்காலோடு வருகிறவர்களின் காலையும் பாருங்கள்

பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் அன்பர்களுக்கும், கோயில்களில் மருத்துவ முகாம் நடத்தும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் முகாம்களில் விரலில் குத்தி இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) பார்க்கிறீர்கள், கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள். என் அப்பாவுக்கும் வருடம் தவறாமல் பார்த்தீர்கள். காலை மட்டும் யாரும் பார்க்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, பிள்ளைகள் எங்களுக்கே அது தோன்றவில்லை.

தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் அப்பா நின்று நின்றுதான் ஏறுவார். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். "நரம்பு இழுக்குது" என்று தைலம் தேய்ப்பார். ஒரு கிளினிக்கில் "வயசாச்சு" என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நடந்தால் வலி, நின்றால் சுகம் என்பது கால் தமனி, அதாவது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய், அடைபட்டதன் அடையாளம் என்று எங்களுக்குத் தெரிந்தபோது பெருவிரல் கறுத்துவிட்டது. தொடையிலிருந்து சிரையை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாயை) எடுத்து, அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வழி செய்தார்கள். இதைத்தான் பைபாஸ் என்கிறார்கள். கால் தப்பியது, இரண்டு விரல்கள் போய்விட்டன.

அதற்கப்புறம் நிறையப் படித்தேன். அடைப்பால் கால் போகும் ஆபத்தில் இருந்தவர்களைப் பற்றி 2022இல் வெளிவந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், காலில் நல்ல சிரை இருந்தவர்களுக்கு பைபாஸ்தான் மேல் என்று தெரிந்தது. கால் போவது, மறுபடி பெரிய சிகிச்சை, மரணம் இவற்றில் ஏதோ ஒன்று பைபாஸ் செய்தவர்களில் 42.6 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது. அடைபட்ட குழாயை உள்ளிருந்தே பலூனாலோ ஸ்டென்ட் என்ற வலைக்குழாயாலோ விரிக்கும் வழியில் 57.4. மறுவருடம் பிரிட்டனின் பேசில்-2 ஆய்வு முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ளவர்களை ஆராய்ந்து, பலூன் வழியே மேல் என்றது. அதிலும் பலூன் பக்கம் 53 விழுக்காட்டினர் காலையோ உயிரையோ இழந்திருந்தார்கள். பைபாஸ் பக்கம் 63. எது சிறந்தது என்று மருத்துவர்கள் பேசட்டும். என்னைத் தூங்கவிடாதது வேறு: கால் ஆபத்தான கட்டத்துக்கு வந்தபின் எந்த வழியில் போனாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல முடிவு இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பாருங்கள். ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் சிறிய டாப்ளர் கருவியும் பழகிய ஒரு தாதியும் போதும். 0.9 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அடைப்பு இருக்கிறது. நெடுநாள் இனிப்பு நீர் உள்ளவர்களுக்குத் தமனி சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கும், அதனால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். எண் 1.4ஐத் தாண்டினால் "நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடாதீர்கள், கால்விரலின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் பயனில்லை. டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையான ஆண்களை அழைத்து வயிற்றுத் தமனி, கால் தமனி, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்தார்கள். ஏறக்குறைய நாலரை ஆண்டில், அழைக்கப்படாதவர்களைவிட அழைக்கப்பட்டவர்களிடையே மரணம் 7 விழுக்காடு குறைவு. கண்டுபிடித்ததோடு விடாமல் மாத்திரையும் தொடர்கவனிப்பும் கொடுத்தார்கள். இங்கேயும் சீட்டு எழுதி அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்புங்கள், சிகரெட்டை விடச் சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

2019இன் தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அவர்களில் எத்தனையோ பேர் சூடான தாரில், உணர்ச்சி மங்கிய பாதத்தோடு, உங்கள் பந்தலைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். முதல் கருவியை எங்கள் குடும்பம் வாங்கித் தருகிறது. அப்பாவும் பந்தலில் வந்து உட்கார்ந்து, தன் காலைக் காட்டிப் பேசத் தயாராக இருக்கிறார்.