மருமகனுக்கு மட்டும் ஆறு மாதம்: ஒரு திறந்த மடல்

வியட்நாமின் விசா, தங்கும் அனுமதி விதிகளை எழுதுகிறவர்களுக்கும், அவற்றைத் திருத்தும் அதிகாரம் உள்ள தேசிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மீ தோ நகரில் என் மாமியார் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவருக்கு 84 வயது. போன வருடம் பக்கவாதம் வந்ததில் வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் பாதிதான் வருகிறது. அவருக்கு ஒரே மகள், என் மனைவி. சிறுமியாக இருந்தபோது சித்தியோடு அகதியாகப் படகேறிப் போனவள். இப்போது ஆஸ்திரேலியக் குடிமகள். நான் காரைக்குடிப் பக்கம் பிறந்து மெல்போர்னில் குடியேறியவன். உங்கள் மொழியில் எனக்குச் சந்தையில் பேரம் பேசத் தெரியும், அவ்வளவுதான். அதனால் தமிழில் எழுதுகிறேன். மனைவி மொழிபெயர்த்து அனுப்புவாள். காரமான இடங்களில் அவள் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பாள் என்பதும் தெரியும்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். 2004-இல் உங்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் 36-ஆம் தீர்மானம், வெளிநாட்டில் வாழும் வியட்நாமியர்கள் இந்தத் தேசத்திலிருந்து பிரிக்க முடியாத பகுதி என்று சொன்னது. 2007-இல் அவர்களுக்கும் அவர்களுடைய கணவன், மனைவி, பிள்ளைகளுக்கும் ஐந்தாண்டு விசா விலக்குச் சான்று வந்தது. அப்போது ஒரு வருகைக்கு 90 நாள். 2015-இல் அதை ஆறு மாதமாக்கினீர்கள். என் பாஸ்போர்ட்டிலும் அந்தச் சான்று இருக்கிறது. வியட் கியூ, அதாவது வெளிநாடுவாழ் வியட்நாமியர், ஒருத்தியின் கணவன் என்பதால் கிடைத்தது. கல்யாணத்துக்கு, தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு, திவசத்துக்கு வந்து போகிறவர்களுக்கு ஆறு மாதம் தாராளம். படுத்த படுக்கையாக இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களுக்குத்தான் அது போதவில்லை.

மகளுக்கு நீங்கள் ஒரு வழி வைத்திருக்கிறீர்கள். வியட்நாமியக் குடிமக்களின் தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளைகள் வெளிநாட்டுக் குடிமக்களாக இருந்தால், டிடி வகைத் தற்காலிகக் குடியிருப்பு அட்டை வாங்கலாம். அதிகபட்சம் மூன்று வருடம். அதற்கு இங்கே இருக்கும் குடிமகன் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்தக் குடிமகள் மாமியார்தான். யாரைப் பார்த்துக்கொள்ள அட்டை கேட்கிறோமோ, அவரே அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். கை வராதே என்றோம். கைரேகை வைத்துக் கொண்டுபோனால், ஆளே நேரில் வரட்டும் என்றார்கள். வீல்சேரில் கூட்டிக்கொண்டு போனோம். கவுன்டரில் இருந்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். மாமியாரைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார், அடுத்த வேலை எல்லாம் அவரே ஓடி ஓடிச் செய்தார். மனைவிக்கு அட்டை கிடைத்துவிட்டது.

"அப்போ எனக்கு?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளைகள். மருமகன் இல்லை. சரி, அட்டை வைத்திருப்பவளின் கணவன் என்று சேர முடியுமா என்றால் அதுவும் இல்லை. இங்கே வேலைக்கு வரும் வெளிநாட்டு நிபுணரின் மனைவிக்கும், முதலீட்டாளரின் மனைவிக்கும் அப்படி அட்டை உண்டு. தாயைப் பார்க்க வந்த மகளின் கணவனுக்குக் கிடையாது.

உங்கள் மொழியில் மருமகனை 'கொன் ரே' என்கிறீர்கள். 'கொன்' என்றால் பிள்ளை. என் மாமியார் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'கொன்' என்றுதான் கூப்பிடுவார். தன்னை 'மா' என்று சொல்லிக்கொள்வார். தமிழ்க் காதுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு மிச்சமிருக்கும் சொற்களில் 'கொன்' ஒன்று. மொழி சேர்த்துக்கொண்டவனைச் சட்டம் ஏன் விட்டுவிட்டது?

அதனால் நான் இன்னும் அந்தப் பழைய சான்றின் மேல்தான் தங்கியிருக்கிறேன். நீட்டிக்கலாம், ஆனால் தக்க காரணமும் உள்ளூர்க் குடிமகன் ஒருவரின் பொறுப்பும் வேண்டும்; கூடுதலாகக் கிடைப்பது ஆறு மாதத்துக்கு மேல் இல்லை. மறுபடி வீல்சேரை இறக்க மனம் வரவில்லை. எனவே எல்லோரும் செய்வதைச் செய்கிறேன்: சைகோன் போய், அங்கிருந்து மொக் பாய் எல்லைக்கு. கம்போடியப் பக்கம் பாவெத்தில் ஒரு காபி. திரும்பி நுழைந்தால் புதிதாக ஆறு மாதம். வீட்டுக்கு வந்ததும் நான் தங்கியிருப்பதை வார்டு போலீசுக்கு 12 மணி நேரத்துக்குள் மறுபடி தெரிவிக்க வேண்டும். இந்தச் சுற்றால் உங்களுக்கு என்னைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்துவிடுகிறது? ஒரு நாள் முழுக்க மனைவி தனியாளாக அம்மாவைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது என்பதுதான் இதில் நடக்கும் ஒரே விஷயம். (வழியில் சைகோன் மாரியம்மன் கோவிலில் இறங்கி ஒரு கும்பிடு போடுகிறேன். அது எனக்கு லாபம், ஒப்புக்கொள்கிறேன்.)

போலிக் கல்யாணம் செய்துகொண்டு வந்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கலாம். ஐந்தாண்டுச் சான்று தரும்போதே கல்யாணப் பத்திரத்தைப் பார்த்துத்தானே தந்தீர்கள். 2025 ஜூலை 1 முதல் குடியுரிமைச் சட்டத்தைத் தளர்த்தியிருக்கிறோமே, உன் மனைவி திரும்பக் குடியுரிமை வாங்கட்டும், அப்புறம் நீ குடிமகளின் கணவன், உனக்கும் அட்டை உண்டு என்றும் சொல்லலாம். நல்ல வழிதான். ஆனால் படகில் போனவளுக்கு அது வெறும் விண்ணப்பம் இல்லை, நாள் எடுத்து யோசிக்க வேண்டிய காரியம். அவள் யோசிக்கும்வரை அம்மாவின் உடம்பு பொறுத்திருக்காது.

ஊரோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. நான் இந்தியாவின் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்காரன். கல்யாணமாகி இரண்டு வருடம் கழிந்ததும் என் மனைவிக்கும் அதே அட்டை கொடுத்தார்கள். காரைக்குடியில் அவள் எத்தனை மாதம் இருந்தாலும் யாரும் நாள் எண்ணுவதில்லை. அதிலும் குறை உண்டு, விவாகரத்தானால் அட்டை போய்விடும். ஆனால் இருக்கிறவரை கணவனுக்கு ஒரு கணக்கு, மனைவிக்கு ஒரு கணக்கு என்று இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டிடி பட்டியலில் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'அவர்களின் கணவன் அல்லது மனைவி' என்று சேருங்கள். கையெழுத்துப் போட முடியாத நோயாளி இருக்கும் வீட்டுக்கு அதிகாரி ஒருவர் வந்து பார்த்துச் சான்று தரட்டும். இன்னொன்று கேட்க நா கூசுகிறது: மனைவிக்கு எனக்கு முன்னால் ஏதாவது ஆகிவிட்டால், இந்த வீட்டில் நான் எந்த வகையில் வருவேன்? அதையும் விதியில் எழுதிவையுங்கள்.

2023 ஆகஸ்டில் சுற்றுலாப் பயணிகளின் இ-விசாவை 30 நாளிலிருந்து 90 நாளாக்கினீர்கள். மும்மடங்கு. ஆகவே நீங்கள் நினைத்தால் விதி மாறும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் 19-ஆம் தேதி என் ஆறு மாதம் முடிகிறது. முந்தின நாள் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். அன்றைக்கு மட்டும் வந்து உதவ எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
மீ தோவிலிருந்து ஒரு மருமகன்