கடைசி நாட்களில் நாயைக் கட்டிப்போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

'இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்' என்று ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து அனுப்பப்படும் நோயாளிக்காக வீட்டைக் கழுவி, கட்டிலைக் காற்றுப்படும் பக்கம் இழுத்துப்போடுகிறோம். அதே கையோடு வீட்டு நாயைப் பின்வளவில் கட்டிவிடுகிறோம். பூனையென்றால் சாக்கில் போட்டு எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவோரும் உண்டு. கிருமிப் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த நோயாளி பல வருடம் சோறு வைத்து வளர்த்த பிராணி அது. கட்டிப்போடாமல், பாதுகாப்பாக அவரருகே கூட்டிவரும் வழியைச் சொல்கிறோம்.

முதலில் விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். முதல் ஊசியே இப்போதுதான் போட்டதென்றால் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொரு தடவை பூச்சி மருந்து, உண்ணி பார்த்தல், நகம் வெட்டுதல். இவ்வளவும் முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி கட்டிலருகே. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால், நாய் பாய்ந்து ஏறினாலே எலும்பு முறியலாம். ஆகவே நாயை ஏறவிடாமல், நோயாளி பார்க்கும் பக்கமாகக் கூட்டிவந்து, பழைய துணியொன்றை விரித்து, அதன் தலையை அவரது உள்ளங்கைக்குக் கீழே வையுங்கள். சலக்குழாயும் மூத்திரப் பையும் மறுபக்கம் இருக்கட்டும். ஒருவரின் கை எப்போதும் கழுத்துப்பட்டியில் இருக்க வேண்டும். கடைசி நாட்களில் நினைவு தடுமாறும் நோயாளி திடீரென நாயின் மயிரை இறுகப் பிடிப்பார். நல்ல நாயும் அப்போது வெடுக்கெனக் கடித்துவிடும். கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது, முகத்தைத் திருப்புகிறது என்றால் நாய்க்குப் போதுமாகிவிட்டது என்று அர்த்தம். பத்துப் பதினைந்து நிமிடம் தாராளம். படுக்கைப் புண்ணின் வாடைக்கு நாய் நக்கப் பார்க்கும், மூடிக் கட்டாமல் அருகே விடாதீர்கள். முன்னும் பின்னும் சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும். கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூனைக்கு ஒக்சிசன் குழாய் விளையாட்டுக் கயிறுதான், எட்டாதபடி ஒட்டிவையுங்கள். பூனை மலம் கழிக்கும் மண்பெட்டியைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்யட்டும். ஒரு நாளைக்கு மேல் கிடந்தால்தான் மலத்திலுள்ள ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வரும். டெட்டோல் வகைக் கிருமிநாசினி பூனைக்கு நஞ்சு. பரசிட்டமோல் ஒரு குளிசையே அதைக் கொல்லும். நோவுக்கு ஒட்டும் பென்டனைல் பட்டையைக் கழற்றிய பின்பும் நிறைய மருந்து மிஞ்சியிருக்கும். நாய் அதை மென்றால் செத்துவிடக்கூடும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து, மூடியுள்ள பெட்டியில் போடுங்கள்.

திருகோணமலைக் கோட்டைப் பக்கம் திரியும் மான்களைக் கொண்டுவந்து காட்டலாமா என்று ஆசைப்படுவோருக்கு: வேண்டாம். காட்டு விலங்கு பயந்தால் உதைக்கும், உண்ணியும் கொண்டுவரும்.

ஆஸ்பத்திரி நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். வாட்டுக்குள் நாயை விடச் சொல்லவில்லை. நகரும் நிலையிலுள்ள நோயாளியைச் சில்லு நாற்காலியில் வைத்து, வளவு மரநிழலில் அரை மணி நேரம் சந்திக்க விடலாம். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின், தண்ணீர்ச் சட்டியோடு. நாயின் உமிழ்நீர் படுவதை விரும்பாத முஸ்லிம் நோயாளிகள் அருகே இருக்கக்கூடும், அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு இடத்தைத் தெரிவு செய்வதே முறை.

தனக்குப் பிறகு பிராணியை யார் பார்ப்பது என்பதையும், நோயாளி பேசக்கூடியபோதே அவரிடம் கேட்டு, பொறுப்பேற்பவரை ஒரு நாள் வரவழைத்துக் காட்டிவிடுங்கள்.

வீட்டு நோயாளர் பராமரிப்பில் ஈடுபடும் தாதியர் சிலர்,
திருகோணமலை.