மாட்ரிட்டிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. லவாபியெஸ் பகுதியில் வங்கதேசத்துக்காரர்களின் கடைகள் இருப்பதால் பருப்புக்கும் மிளகாய்த்தூளுக்கும் குறையில்லை. இந்த ஊரில் இரவுச் சாப்பாட்டுக்கே பத்து மணியாகிறது; உணவக வேலை முடிய நள்ளிரவு தாண்டிவிடுகிறது.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. பிராடோ அருங்காட்சியகத்தில் மாலை 6 மணிக்கு மேல் கட்டணம் கிடையாது. அங்கே நீங்கள் பார்த்தே ஆக வேண்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

1635 வாக்கில் வெலாஸ்கெஸ் வரைந்தது. அதில் இருப்பவர் செவில் நகரத்து மரச்சிற்பி மார்த்தினெஸ் மொந்தன்யெஸ். 'மரத்தின் கடவுள்' என்றே அவருக்குப் பெயர். அவர் செதுக்கியதாகச் சொல்லப்படும் இயேசு, புனித வாரத்தில் இன்றும் செவில் வீதிகளில் உலா வருகிறார். அன்றைய ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்பின் குதிரைச் சிலைக்காக, முகத்தைக் களிமண்ணில் செய்துதர அவரை மாட்ரிட்டுக்கு அழைத்தார்கள். அந்த மாதிரி இத்தாலிக்குப் போனது. அங்கே வார்த்த வெண்கலச் சிலை இப்போது அரண்மனைக்கு எதிரே நிற்கிறது. குதிரையின் முன்னங்கால்கள் இரண்டும் அந்தரத்தில்!

ஓவியத்தில் அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. நரைத்த தாடி, கறுப்பு உடை, வெள்ளைக் கழுத்துப்பட்டி. சபைக்குப் போகிறவரைப் போல உடுத்தியிருக்கிறார். கையில் மட்டும் மண்ணை இழைக்கும் குச்சி. எதிரே அவர் செய்துகொண்டிருக்கும் அரசரின் களிமண் தலை வெறும் கோடுகளாக நிற்கிறது, கித்தானின் அடிப்பூச்சு அப்படியே தெரிகிறது. வெலாஸ்கெஸ் அரசவை ஓவியர், அந்த முகத்தை எத்தனையோ முறை வரைந்தவர். இங்கே அரசரை அரைகுறையாக விட்டுவிட்டு, சிற்பியின் நெற்றிக்கும் கண்ணுக்கும் தன் திறமை முழுவதையும் கொடுத்திருக்கிறார். வேண்டுமென்றே செய்ததாகத்தான் எனக்குப் படுகிறது. தொழில் தெரிந்தவனுக்குத் தொழில் தெரிந்தவன் செய்த மரியாதை அது.

குச்சியை அழுத்தாமல் நிறுத்தி, தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறார். அடுத்த வெட்டுக்கு முன் கொட்டாப்புளியை நிறுத்திவிட்டு நீங்கள் யோசிப்பீர்களே, அந்த முகம்தான்.

கருட வாகனத்தில் இறக்கை வேலை முடிந்ததா? தம்பியிடம் சொல்லி, நீங்கள் உளி பிடித்திருக்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பட்டறையிலேயே எடுக்கட்டும், ஆனால் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். பணம் அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

அன்பு மகன்