ரோமானிய மணப்பாட்டை ஒரே வரியில் ஒதுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உலகக் காதல் பாடல்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி என் மனதைப் புண்படுத்திவிட்டது. ரோமானியர்களுக்குத் திருமணம் என்பது சொத்து ஒப்பந்தம்தானாம். அவர்களுடைய காதல் பாட்டெல்லாம் அடுத்தவன் மனைவியைப் பற்றியதாம். அதோடு ரோமை முடித்துவிட்டு, மணப்பாட்டில் புனிதம் இருப்பது நம்மிடம் மட்டுமே என்று அடுத்த பத்திக்குப் போய்விட்டார் கட்டுரையாளர்.

அடுத்தவன் மனைவியான லெஸ்பியாவை நினைத்து உருகிய ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸை வைத்துத்தான் அப்படி எழுதியிருக்க வேண்டும். அதே கட்டுல்லஸ், கி.மு. முதல் நூற்றாண்டில், மன்லியஸ் என்பவரின் திருமணத்துக்கு இருநூறு வரிகளுக்கு மேல் நீளும் மணப்பாட்டு ஒன்றை எழுதியிருக்கிறார். தாங்கள் அறியாததல்ல. தீப்பந்தங்களோடு ஊர்வலம், தீயின் நிறத்தில் மணப்பெண்ணின் முக்காடு, சிறுவர்களுக்கு இறைக்கும் கொட்டைகள், நடுவே மாப்பிள்ளையின் பழைய சங்கதிகளை இழுத்துப் போட்டு மானத்தை வாங்கும் கேலி எல்லாம் அதில் உண்டு. அந்தக் கேலி கண்ணேறு கழிக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அழுகிற பெண்ணைத் தேற்றி, நல்ல சகுனத்தோடு வாசற்படியைத் தாண்டி வா என்று அழைத்த பிறகு ஓர் இடம் வருகிறது: இனிப் பிறக்கப்போகும் குழந்தை, தாயின் மடியிலிருந்து பிஞ்சுக் கைகளை நீட்டி, இதழ்கள் பாதி திறந்தபடி தந்தையைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்கிறார் கவிஞர். சொத்து ஒப்பந்தத்தில் இந்தச் சிரிப்புக்கு என்ன வேலை?

அடுத்த வரிகளையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தை தந்தையை உரித்து வைத்தாற்போல இருக்க வேண்டுமாம். அந்த முகமே தாயின் கற்புக்குச் சாட்சியாக வேண்டுமாம். கொஞ்சலும் சந்தேகமும் ஒரே மூச்சில் வருகின்றன. ரோமைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த இடம் வேறில்லை. கட்டுரையாளர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

அவருடைய இன்னொரு மணப்பாட்டில் இளைஞர்களும் கன்னியரும் எதிரெதிரே நின்று பாடுகிறார்கள். வேலி சூழ்ந்த தோட்டத்தில் யாரும் பறிக்காத மலர் என்று பெண்கள் பாட, எல்ம் மரத்தைப் பற்றிப் படராத கொடி தலைதூக்காது என்று ஆண்கள் பதில் சொல்கிறார்கள். உன் கன்னிமையில் மூன்றில் ஒரு பங்கு தந்தைக்கு, ஒரு பங்கு தாய்க்கு, மீதிதான் உனக்கு என்று மணப்பெண்ணிடம் கணக்குச் சொல்லிப் பாட்டு முடிகிறது. அவள் வாய் திறப்பதே இல்லை. ஆனால் ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சுல்பிசியா என்ற பெண், கெரிந்தஸ் என்பவன் மீது கொண்ட காதலைத் தன் பெயரிலேயே எழுதினாள். தன் பிறந்தநாளில் அவனைப் பிரிந்து கிராமத்துக்குப் போக வேண்டியிருக்கிறதே என்ற அவளது புலம்பல் இன்றும் கிடைக்கிறது. அவள் யாருடைய மனைவியைப் பாடினாள்?

நம் புனிதத்துக்கும் வருகிறேன். என் அக்காள் கல்யாணத்தில் நலங்கு வைத்தபோது, எங்கள் பெரியம்மா சம்பந்தியம்மாளின் நடையையும் மாப்பிள்ளையின் மூக்கையும் பிடித்துப் பாடிய பாட்டில் பந்தலே அதிர்ந்தது. சம்பந்தியம்மாளும் விடவில்லை; எதிர்ப்பாட்டு எடுத்தார். அந்தக் கேலி இல்லாமல் எங்கள் வீட்டில் கல்யாணம் நடந்ததில்லை. புனிதம் என்ற பெயரில் அந்தப் பெண்களின் குரலையும் தங்கள் கட்டுரை துடைத்துவிட்டது.

இது முதல் முறையும் அல்ல. முன்பு கிரேக்க நாடகம் பற்றிய கட்டுரைக்கு ரோமானியச் சிலையின் படத்தைப் போட்டிருந்தீர்கள். நான் எழுதிய விரிவான கடிதம் இரண்டு வரியாகச் சுருங்கி வந்தது. அந்தப் படம் ஏன் தவறு என்ற காரணம் அந்த இரண்டு வரியில் இல்லை. மொழிபெயர்ப்புக் கவிதைகளை மொழிபெயர்ப்பாளர் பெயரில்லாமல் வெளியிடுவதும் தொடர்கிறது. வகுப்பில் ரோம் பாடம் நடத்தும் நாட்களில் தங்கள் இதழைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னவள் நான். இன்று அப்படிக் கொடுக்கத் தயங்குவேன் என்பதை வேதனையோடுதான் எழுதுகிறேன்.

அடுத்த இதழில் ஒரு திருத்தமும், அந்தக் குழந்தை வரும் வரிகளின் தமிழாக்கமும், அதைச் செய்தவர் பெயரும் வெளியிட வேண்டுகிறேன். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்.